பதினொரு மணி நிழல்

1

வந்திருந்தவர்கள்: சங்கத் தலைவர் பெர்த்ரான் குயோமோ, சன்னலுக்கு முதுகு காட்டி, மேசையின் தலைமாட்டில். அவருக்கு வலப்புறம் மருந்துக்கடை சொலாஞ் ரிவே, கைப்பையை மடியில் வைத்தபடி. இடப்புறம் ஓடில் மார்ஷால், சங்கத்தின் வழிகாட்டி, சனிக்கிழமைதோறும் வெளியூர்க்காரர்களைப் பழைய தெருக்களில் நடத்திக் கூட்டிப்போகிறவள். சுவரோரம், அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாயை ஒட்டிய நாற்காலியில், ஊன்றுகோலை முழங்கால்களுக்கு நடுவே நட்டுக்கொண்டு ரேமோன் பிகார். பேசப்படுவது அவருடைய வீடு என்பதால் அன்று அவருக்கு ஓட்டு இல்லை. கதவோரம், குறிப்பேட்டோடு, செயலாளர். அது நான்.

இந்தக் கதை அந்தக் கூட்டக் குறிப்பிலிருந்து எடுத்தது. குறிப்பை எழுதியவனும் எடுத்தவனும் ஒரே ஆள் என்பதால் திருட்டு என்று சொல்ல முடியாது. பதினேழு ஆண்டுகளாகப் பழைய தெரு அன்பர்கள் சங்கத்துக்கு நான் குறிப்பு எழுதுகிறேன். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், என்ன முடிவானது. முகம் எப்படி இருந்தது என்று எழுத அதில் பத்தி கிடையாது. அந்தப் பத்திதான் இந்தக் கதை.

(மேலே கடைசி வாக்கியம் கொஞ்சம் சீவிச் சிங்காரித்தாற்போல் இருக்கிறது. பிறகு அடித்துவிடுகிறேன்.)

நடந்தது இது. ரேமோனுக்கு எழுபத்தொன்பது வயது. முன்பு லாரி ஓட்டியவர். குடியிருப்பது மாடியில், ஏறி இறங்க இருப்பது சுழல் படிக்கட்டு ஒன்றுதான், இருபத்தாறு படி. பிப்ரவரியில் அதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. முற்றத்துச் சுவரில், மாடி உயரத்தில், ஒரு கதவு வெட்டி, வெளியே சின்ன லிஃப்ட் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி கேட்டார். ஜூலைக் கடைசியில் பழங்கட்டட அதிகாரியிடமிருந்து பதில் வந்தது: அது பதினாறாம் நூற்றாண்டில் மரச்சட்டங்களைக் கோத்துக் கட்டிய சுவர், அதில் ஓட்டை போட முடியாது. மேல்முறையீட்டுக்கு இரண்டு மாதம் தவணை. தனக்காக ஒரு கடிதம் எழுதித் தரும்படி ரேமோன் சங்கத்தைக் கேட்டார். குயோமோ கேள்வியைத் திருப்பிப் போட்டார்: இப்படிப்பட்ட சுவரைக் காப்பதற்குத்தானே சங்கம், அதிகாரியின் முடிவைச் சங்கம் ஆதரிக்கிறதா, இல்லையா? மரத்தைப் பற்றி மதாம் மார்ஷாலைவிடத் தெரிந்தவர் இந்த ஊரில் இல்லை என்று சொல்லி ஓடிலைப் பார்த்தார். சொலாஞும் பார்த்தாள்.

ஓடில் கை தூக்கினாள்.

குறிப்பில் "ஒருமனதாக" என்று எழுதினேன். அப்படியென்றால் நானும் தூக்கினேன் என்று பொருள். தனியாக எழுத வேண்டியதில்லை என்று அப்போது நினைத்தேன்.

ரேமோன் எழுந்துகொள்ள நேரம் பிடித்தது. கதவருகே வந்து நின்றார். "சரி. நவம்பர் ஒண்ணாந்தேதிலேருந்து என்னைப் பாக்கணும்னா புறவழிச் சாலை முதியோர் இல்லத்துக்கு வாங்க. மக ரூம் சொல்லிவச்சிருக்கா. அங்க சுவரெல்லாம் பிளாஸ்டிக்கு. ஒருத்தனும் போட்டோ எடுக்க மாட்டான்."

2

இந்தக் கதையை முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "ஒன்றன் தோளில் ஒன்று தலை சாய்த்து உறங்கும் அந்த வீடுகளின் நடுவே—"

நிறுத்திவிட்டேன். வீடுகள் உறங்குவதில்லை. அஸ்திவாரம் இறங்கினால் சாயும். அவ்வளவுதான்.

இரண்டாவது தொடக்கம்: "ஓடில் மார்ஷால் ஒரு பொய்க்காரி." இது உண்மை. ஆனால் இதை முதல் வரியாக வைத்தால் நீங்கள் அவளோடு தெருவில் நடக்க வரமாட்டீர்கள். கதைக்கு அந்த நடை வேண்டும்.

மூன்றாவது: "ஓடில் மார்ஷாலின் அப்பா ஷார்ல், வீடுகளுக்கு வண்ணம் அடிப்பவர்." இது சரி. இங்கிருந்து போகலாம்.

ரேமோன் வீட்டின் முற்றத்துச் சுவர் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில் நடந்த போரில் எரிந்தது. போர் முடிந்ததும் செங்கல் வைத்துக் கட்டிப் பூசிவிட்டு, அதோடு விட்டுவிட்டார்கள். வீட்டின் முகப்பும் மற்றச் சுவர்களும் அசல் மரச்சட்டம். அது ஒன்று மட்டும் மொட்டையாக நின்றது. எழுபத்தொன்றில் ஊர் பூ அலங்காரப் போட்டிக்குத் தயாரானபோது, மொட்டைச் சுவர் கண்ணை உறுத்துகிறது என்று அன்றைய வீட்டுக்காரர் ஷார்லைக் கூப்பிட்டார். ஒரே வாரத்தில் ஷார்ல் அங்கே மரத்தை வளர்த்துவிட்டார். நிமிர்ந்த சட்டம், குறுக்குச் சட்டம், பெருக்கல் குறி மாதிரிப் பின்னிய சட்டம், ஆப்புத் தலை, கணு, வெடிப்பு, எல்லாம் தூரிகையில். ஒவ்வொரு சட்டத்துக்கும் இடப்பக்கத்தில் விரல் அகலத்துக்கு ஒரு நிழல்.

போட்டியில் ஊருக்குப் பரிசு கிடைக்கவில்லை. சுவர் மட்டும் மிஞ்சியது.

அப்போது ஊருக்கே தெரியும். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். எண்பதுகளில் பழைய கட்டடங்களைப் பட்டியல் போட வந்த ஒருவர், முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, படம் எடுத்து, "பதினாறாம் நூற்றாண்டு" என்று எழுதிக்கொண்டு போனார். ஆள் உயரத்துக்குக் கீழே வெறும் கல். சட்டமெல்லாம் அதற்கு மேலே. ஏணி வைத்துத் தொட்டுப் பார்க்க அவருக்கு நேரமில்லை. பிறகு அந்தப் பட்டியலைப் பார்த்து ஓடில் வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னாள். பட்டியலைத் திருத்தி மறுபடி அச்சிட்டபோது, உள்ளூர் வழிகாட்டியும் இதை உறுதி செய்வதாக ஒரு வரி சேர்த்தார்கள்.* உள்ளே குடியிருந்த ரேமோனுக்கும் சந்தேகம் வரவில்லை. ஆணி அடித்தால் செங்கல் தூள் உதிரும்; ஆனால் அசல் சுவர்களிலும் சட்டங்களுக்கு நடுவே செங்கல்தானே.

* இரண்டு பேர் ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நிற்பது எப்படி முடியும் என்று கேட்பவர்கள் எங்கள் ஊர் அலுவலகக் காகிதங்களைப் படித்ததில்லை.

அப்பா செய்த பொய்யை மகள் சுமக்கிறாள் என்று இதோடு நிறுத்தினால் ஓடில் மேல் உங்களுக்கு இரக்கம் வரும். எனக்கும் எழுதச் சுலபம். ஆனால் ஷார்ல் இறந்தது தொண்ணூற்று மூன்றில். அடுத்த வசந்தத்தில் சுவரில் வண்ணம் பொரிந்து செதிள் செதிளாக விழத் தொடங்கியது. விழட்டும் என்று விட்டிருந்தால் ஒரே மழையில் எல்லாம் வெளுத்திருக்கும். ஓடில் ஏணியை எடுத்தாள். மாடிச் சன்னல்களின் பூத்தொட்டிகள் சங்கத்தின் பொறுப்பு. அதனால் ஏணியில் ஏற அவளுக்கு உரிமை இருந்தது. மரத்துக்கு எண்ணெய் பூசுகிறேன் என்று, அந்த ஆண்டுதான் வீட்டை வாங்கிக் குடிவந்திருந்த ரேமோனிடம் சொன்னாள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூசினாள். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது ரேமோன்.

(இவளைக் கொஞ்சம் நல்லவளாக்கலாமா என்று இரண்டு நாள் பார்த்தேன். "அப்பாவின் நினைவு அழியக் கூடாதென்று—" என்று எழுதியும் விட்டேன். பின்னால் ஒருநாள் அவளிடமே கேட்டேன். அவள் சொன்னது: "அப்பாவுக்கு வெடிப்பு போட வராது. எல்லா வெடிப்பும் ஒரே நீளம். நான்தான் சரி பண்ணேன்." ஆகவே அந்த வரியை அடித்துவிட்டேன்.)

3

செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை. பழங்கட்டடங்களைத் திறந்துவிடும் நாள் என்பதால் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம், பதினெட்டுப் பேர். பத்தேகாலுக்கு மாதா கோவில் வாசலில் ஓடில் எண்ணிப் பார்த்துக்கொண்டு கிளம்பினாள்.

அவளுடைய நடைக்கு ஒரு கணக்கு உண்டு, அதை யாரும் கவனித்ததில்லை. முற்றத்துச் சுவருக்குப் பதினொரு மணிக்குப் போய்ச் சேர வேண்டும். அந்த நேரத்தில் வெயில் வலப்பக்கமிருந்து விழும். சன்னல் பலகைகளின் நிழலும் ஷார்ல் வரைந்த நிழலும் ஒரே பக்கம் சாயும். பதினொன்றரை தாண்டினால் வெயில் மறுபக்கம் போய்விடும். உண்மை நிழல்கள் கூடவே போகும். வரைந்தவை போகமாட்டா.

பூனைச் சந்தில் இரண்டு பக்கத்து மாடிகளும் மூக்கு இடித்துக்கொள்ளும் இடத்தில், உப்பு தீர்ந்தால் இங்கே யாரும் கீழே இறங்குவதில்லை என்ற பழைய நகைச்சுவையைச் சொன்னாள். சிரித்தார்கள். வயிறு தள்ளிய வீட்டின் முன்னால், இது ரொட்டிக் கடைக்காரர் வீடு, வேறெப்படி இருக்கும் என்றாள். அதற்கும் சிரித்தார்கள். மூலைச் சட்டத்தில் செதுக்கிய பன்றி குழலூதுவதைப் படம் எடுக்க எல்லோரும் முறை வைத்து நின்றார்கள். சந்தைச் சதுக்கத்தில் மாவுத் தட்டில் மிராபெல் என்ற மஞ்சள் பழம் வைத்துச் சுட்ட பண்டம் வாங்க நாலு பேர் வரிசையில் போய் நின்றுகொண்டார்கள். ஓடில் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து ஐம்பது. பரவாயில்லை.

தோல்காரர் தெரு ஒன்பதாம் எண். கதவைத் தள்ளினால் இருண்ட, குறுகிய நடைவழி. அதன் வழியாகத்தான் முற்றத்துக்குப் போக வேண்டும். சுழல் படிக்கட்டு இறங்குவதும் அதே நடையில்தான்; படியில் ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தால் அவர் வெளியேறும்வரை முற்றத்துக்குப் போக வழியில்லை. பதினொன்றாக ஐந்து நிமிடம் இருந்தது.

படிக்கட்டில் ரேமோன் இருந்தார்.

உட்கார்ந்து இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு படியில் உட்கார்வது, ஊன்றுகோலை அடுத்த படியில் வைப்பது, இரண்டு கையாலும் அழுத்தி உடம்பை ஒரு படி கீழே நகர்த்துவது, மூச்சு வாங்குவது. கழுத்தில் ரொட்டிக்கான துணிப்பை தொங்கியது. முதலில் தெரிந்தது காலணி. வெகுநேரம் கழித்து முழங்கால். அதற்கும் வெகுநேரம் கழித்து முகம். நடையில் பதினெட்டுப் பேரும் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

ஒரு பெண்மணி உதவ முன்னால் போனாள். ரேமோன் கை காட்டி நிறுத்தினார். "வேண்டாம் மதாம். நான் பழங்காலப் பொருள். தொடணும்னா அதிகாரிகிட்ட அனுமதி வாங்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள், நிம்மதியாக. ஓடில் படிகளை எண்ணிக்கொண்டிருந்தாள். அவர் பன்னிரண்டாவது படியில் இருந்தார்.

ரேமோன் இறங்கித் தெருவுக்குப் போய், மற்றவர்கள் முற்றத்துக்குள் நுழைந்தபோது மணி பதினொன்று நாற்பது. (ஓடில் முப்பத்தைந்து என்கிறாள். நாற்பது என்று நான்தான் வைத்தேன்.) சன்னல் பலகைகளின் நிழல் வலப்பக்கம் விழுந்திருந்தது. சட்டங்களின் நிழல் இடப்பக்கமே நின்றது. ஒரே சுவரில் இரண்டு சூரியன்.

பதினெட்டுப் பேரில் ஒருவரும் அதைக் கவனிக்கவில்லை. இதை நான் மாற்றலாம். கூர்மையான கண்ணுள்ள ஓர் ஓவியரை அந்தக் கூட்டத்தில் நிறுத்தி, கேள்வி கேட்க வைக்கலாம். மாற்றவில்லை. என்ன அருமையாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவர் மனைவியிடம் சொன்னார், அவ்வளவுதான்.

"இது பதினாறாம்—" என்று ஓடில் தொடங்கினாள். பிறகு, "இந்தச் சுவத்தப் பத்தி இன்னிக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்ல" என்றாள். "வாங்க, அடுத்தது தானியச் சந்தை."

4

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்குப் பிறகு அவள் அந்த இருபத்தாறு படியும் ஏறிப் போனாள்.

இந்த இடத்தில் ஒரு வழி இருக்கிறது. அவள் சொல்வாள், ரேமோன் புன்னகைத்து, "எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்" என்பார். வாசகர்களுக்கு இது பிடிக்கும். எழுதும்போது எனக்கும் இனித்தது. ஆனால் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் ஜூலையிலேயே சுவரைச் சுரண்டிக் காட்டியிருப்பார். மன்னிப்பதற்கென்றே பிறந்த கிழவர்களைக் கதைகளில்தான் பார்க்க முடிகிறது.

அவர் சமையலறையில் பாலாடைக்கட்டி வெட்டிக்கொண்டிருந்தார். அவள் உட்காரவில்லை.

"அந்தச் சுவத்துல மரம் இல்ல, ரேமோன்."

"பூச்சி தின்னுடுச்சா?"

"இருந்ததே இல்ல. பெயிண்டு. எங்கப்பா வரஞ்சது. அவருக்கப்புறம் நான்."

அவர் கத்தியைக் கீழே வைத்தார். "அந்த எண்ணெய்?" என்றார்.

"எண்ணெய் இல்ல."

"நான் ஏணியப் பிடிச்சேனே."

"ஆமா."

எத்தனை தடவை என்று கேட்டார். பதினைந்து என்றாள். மகளும் மருமகனும் வரும்போதெல்லாம் அவர்களை, தன் அண்ணனின் சவ அடக்கத்துக்கு வந்த லாரிக்காரக் கூட்டாளிகளைக்கூட, அந்த முற்றத்தில் நிறுத்திப் பதினாறாம் நூற்றாண்டு என்று காட்டியதை அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். சொல்லச் சொல்லக் குரல் தாழ்ந்தது. முப்பது வருடமாக அவர்கள் ஒருவரையொருவர் நீங்கள் என்றுதான் பேசிவந்தார்கள்.

"அன்னிக்குக் கை தூக்கினியே," என்றார். "நான் அங்கதான் ஒக்காந்திருந்தேன். மரம் இல்லன்னு தெரிஞ்சே தூக்கின."

"எல்லாரும் என்னையே பாத்தாங்க. கை தானா போயிடுச்சு."

"தானா போவுமா? எனக்குக் கால் தானா போவ மாட்டேங்குது."

செவ்வாய்க்கிழமை தவணை முடிகிறது, அதற்குள் அதிகாரிக்கு எழுதிவிடுகிறேன் என்றாள்.

"எழுது. ஆனா எனக்குத் தெரியாதுன்னு எழுது. ஏணியப் பிடிச்ச முட்டாள்னு வேணா எழுதிக்கோ. கூட்டாளின்னு எழுதாத." பிறகு, அவளைப் பார்க்காமல், "குயோமோ ஒன்ன இனிமே தெருவுல நடக்க விடமாட்டான். சனிக்கெழமை என்ன செய்வ?"

"தெரியல."

"எனக்கும் தெரியல," என்றார் ரேமோன்.

(பாலாடைக்கட்டித் தட்டை அவள் பக்கம் தள்ளினார் என்று எழுதி அடித்திருக்கிறேன். அவர் தள்ளவில்லை.)

5

திங்கட்கிழமை காலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். மேல்முறையீட்டுக் கடிதத்தின் தலைப்பில் எந்தக் கோப்பு எண்ணைப் போட வேண்டும் என்று கேட்கத்தான் வந்தாள். கையில் மூன்று வரைவுகள்.

முதல் வரைவு நாலு பக்கம். முழுக்க அப்பா. இரண்டாவது, ஏணி வைத்துப் பார்க்காமல் போனவரைப் பற்றி. அதில் நியாயம் இருந்தது, பயன் இல்லை. மூன்றாவதை அப்படியே தருகிறேன்.

"மதிப்பிற்குரிய அதிகாரிக்கு,

தோல்காரர் தெரு ஒன்பதாம் எண் வீட்டின் முற்றத்துச் சுவரில் மரச்சட்டம் கிடையாது. அது செங்கல் சுவர். சட்டங்கள் 1971-இல் என் தந்தை வரைந்தவை. 1994 முதல் அவற்றைப் புதுப்பித்து வருபவள் நான். உரிமையாளர் திரு ரேமோன் பிகாருக்கு இது தெரியாது. மரத்துக்கு எண்ணெய் பூசுவதாகச் சொல்லி அவரை ஏமாற்றினேன். சுற்றிப் பார்க்க வந்தவர்களையும் ஏமாற்றினேன். உங்கள் மறுப்பை ஆதரித்துச் சங்கக் கூட்டத்தில் கை தூக்கியவர்களில் நானும் ஒருத்தி. ஏணி வைத்துத் தொட்டுப் பார்த்தால் விளங்கும். அவருக்குக் கதவு வேண்டும். அனுமதி தருமாறு கேட்டுக்கொள்கிறேன்."

ஆண்டுக்கு நூறு கடிதம் எழுதுகிறவன் நான். அதில் மாற்ற ஒரு சொல்தான் கண்ணில் பட்டது; சொல் அல்ல, ஒரு வாக்கியம். கை தூக்கிய செய்தி மேல்முறையீட்டுக்குத் தேவையில்லை, எடுத்துவிடலாமே என்றேன்.

"நீங்களும்தான் தூக்கினீங்க," என்றாள் ஓடில்.

தாளைத் திருப்பிக் கொடுத்தேன். கோப்பு எண்ணை எழுதிக் கொடுத்தேன்.

இந்தக் கதைக்கு நான் ஏழு வரைவு எழுதியிருக்கிறேன். அவளுக்கு மூன்று போதுமாயிருந்தது. கடிதம் எழுதுகிறவருக்குப் பெறுநர் யார் என்று தெரியும். அதுதான் வித்தியாசம் என்று நினைக்கிறேன்.

6

முடிவுகள்.

ஒன்று: அதிகாரி ஏணியோடு வருகிறார், தொடுகிறார், கதவுக்கு அனுமதி தருகிறார். ரேமோன் வீட்டிலேயே இருக்கிறார். ஓடில் சனிக்கிழமைகளில் வீட்டிலேயே இருக்கிறாள்.

இரண்டு: பதில் வரத் தாமதமாகிறது. நவம்பர் வந்துவிடுகிறது. மகள் காரோடு வருகிறாள். அனுமதி டிசம்பரில் வந்து, ஆளில்லாத வீட்டின் கதவிடுக்கில் விழுகிறது.

மூன்றாவதை நான் அவளிடமே சொன்னேன், அஞ்சலகத்துக்குக் கூட நடந்தபோது. அதிகாரி வருகிறார். தொடுகிறார். அசந்துபோகிறார். ஐம்பது ஆண்டுக்கு மேல் பழையது, வரைந்தவர் பெயரும் தெரிகிறது, இப்படி ஒரு போலிச் சுவர் வேறெங்கும் இவ்வளவு நல்ல நிலையில் இல்லை. ஆகவே இதைக் காப்பது கடமை, ஓட்டை போட முடியாது என்று எழுதிவிடுகிறார். இந்த நாட்டில் இது நடக்காது என்று அடித்துச் சொல்ல என்னால் முடியாது.

ஓடில் சிரித்துவிட்டாள். அப்பா கேட்டிருந்தால் நாலு நாள் தூங்கியிருக்கமாட்டார் என்றாள். பத்தடி நடந்த பிறகு நின்றாள். "அப்ப ரேமோன்?"

எனக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் எழுதுவதுதான் இந்தத் தொழில், ஆனால் இன்று அதைச் செய்ய மனம் வரவில்லை. கை தூக்கியவன் முடிவு எழுதினால் அதில் தனக்குச் சாதகமாக ஏதாவது கலந்துவிடும். நீங்கள் அந்தக் கூட்டத்தில் இல்லை. மூன்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள், அல்லது நாலாவதை எழுதுங்கள். எது ஆனாலும், அவள் அஞ்சலகத்துக்குள் போனபோது அவளுக்கு இவற்றில் எதுவும் தெரியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

பதிவுத் தபாலுக்கான சீட்டை வாங்கினாள். அனுப்புநர் என்ற கட்டத்தில், பழக்கதோஷத்தில், பழைய தெரு அன்பர்கள் சங்கம் என்று பாதி எழுதிவிட்டாள். சீட்டைக் கசக்கினாள். இன்னொன்று கேட்டாள். சாளரத்துக்குப் பின்னாலிருந்த பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டே கொடுத்தாள். அதில் ஓடில் மார்ஷால் என்று எழுதினாள், வேறொன்றும் எழுதவில்லை. தாளை மூன்றாக மடித்தாள். உறையின் பசை ஓரத்தை நாக்கால் ஈரப்படுத்தி, மேசைமேல் வைத்து, உள்ளங்கையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அழுத்தித் தேய்த்தாள்.

"கடிதம் போய்ச் சேந்ததுக்கு ஒப்புகை அட்டை வேணுமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வேணும்," என்றாள் ஓடில். உறையைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். முத்திரை விழுந்தது.